சக்கரம் ஏன் முட்டையாகிறது?

பட்டுச்சேலையில் சக்கர புட்டா பார்த்திருப்பீர்கள். எட்டு ஆரம், நடுவில் ஒரு பொட்டு. அதை டிரேசிங் தாளில் படி எடுத்து, நடுவில் குண்டூசி குத்தி மெதுவாகத் திருப்புங்கள். 45 டிகிரி திரும்பியதும் மேல்படம் கீழ்ப்படத்தோடு அச்சாகப் பொருந்தும். ஒரு முழுச் சுற்றில் இப்படி எட்டு தடவை. இதைத்தான் கணக்கு வாத்தியார் 'சுழல் சமச்சீர், வரிசை 8' என்கிறார். 360-ஐ வரிசையால் வகுத்தால் கோணம் வந்துவிடும். அவ்வளவுதாங்க! சமபக்க முக்கோணத்துக்கு வரிசை 3, சதுரத்துக்கு 4, செவ்வகத்துக்கு 2.

நம்மில் பலர் இதைக் கண்ணாடிச் சமச்சீரோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கரையில் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் அன்னபட்சி ஜோடி கண்ணாடிச் சமச்சீர். அதை அரைச்சுற்று திருப்பினால் இரண்டும் தலைகீழாகத் தொங்கும். மின்விசிறி இதற்கு நேர்மாறு. இறக்கைகள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் கண்ணாடியில் பார்த்தால் சாய்வு மாறிவிடும். சுழற்றினால் மட்டும் பொருந்தும்.

சரி, இதெல்லாம் பரீட்சைக்குத்தானே என்று கேட்பவர்கள் ஒரு தறி வீட்டுக்குப் போய் வாருங்கள். டிசைனை முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைகிறார்கள். நெடுக்குக் கட்டம் பாவு இழையைக் குறிக்கும். குறுக்கு வரிசை ஊடையைக் குறிக்கும். அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறார்கள். சிக்கல் இங்கேதான். துணியில் பாவு நெருக்கமும் ஊடை நெருக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஓர் அங்குலத்துக்குப் பாவு 80, ஊடை 60 என்று வைத்துக்கொள்வோம். சதுரக் கட்டத் தாளில் 60-க்கு 60 கட்டத்தில் அழகான சக்கரம் போட்டால், துணியில் அதன் அகலம் 60/80, அதாவது முக்கால் அங்குலம். நீளம் ஒரு அங்குலம். சக்கரம் முட்டையாகிவிட்டது! இப்போது குண்டூசி குத்தித் திருப்பிப் பாருங்கள். 45-லும் பொருந்தாது, 90-லும் பொருந்தாது, 180-ல்தான் பொருந்தும். வரிசை 8 போய் வரிசை 2 ஆகிவிட்டது. நெய்து முடித்த சேலையில் இதைத் திருத்த வழியே கிடையாது.

அதனால்தான் டிசைன் தாளை இழை விகிதத்துக்கு ஏற்றபடி கோடு போட்டு அச்சடிக்கிறார்கள். நம் உதாரணத்தில் அகலத்துக்கு 80 கட்டம், உயரத்துக்கு 60 கட்டம் எடுத்தால் துணியில் வட்டம் வட்டமாகவே வரும். கம்ப்யூட்டரில் டிசைன் போடும் இந்தக் காலத்திலும் இந்த இரண்டு எண்களையும் சரியாகக் கொடுத்தாகவேண்டும். கொடுத்தாலும் நெசவாளியின் கை இருக்கிறதே! அச்சை ஓங்கி அடித்தால் ஊடை நெருங்கி, சக்கரம் சப்பையாகிவிடும். சேலை முழுக்க ஒரே அடி அடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. ஐந்து இதழ்ப் பூவைத் தனி புட்டாவாகப் போடலாம், தடையில்லை. ஆனால் உடல் முழுக்க ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும் கோலத்துக்கு 5 என்ற சுழல் வரிசை அமையவே அமையாது. 2, 3, 4, 6 மட்டும்தான். ஒழுங்கு ஐங்கோண டைல்ஸை இடைவெளியில்லாமல் தரையில் பதிக்க முடியாததும் இதன் சொந்தக்காரச் சங்கதிதான்.

கடைசியாக, காமாட்சியம்மன் சந்நிதியில் உள்ள ஸ்ரீசக்கரம். அதன் படத்தைப் பாருங்கள். வெளிச் சதுரம் வரிசை 4. தாமரை இதழ்கள் 16, 8. முழுப்படத்துக்கும் வரிசை 4 இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் உள்ளே ஒன்பது முக்கோணங்களில் ஐந்து ஒரு திசையிலும் நான்கு எதிர்த்திசையிலும் இருக்கின்றன. அரைச்சுற்று திருப்பினால் ஐந்து இருந்த திசையில் நான்கு வந்து நிற்கும். ஆக, முழுச் சுற்றில் ஒரே தடவைதான் பொருந்தும். மிஞ்சுவது இடவலக் கண்ணாடிச் சமச்சீர் மட்டும்.