வாஷிங்டன்: ஒரு பெயரின் பயணம்

அமெரிக்க நாட்டு வரலாறு நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகல் வகுப்பு. பாடத்தை முடித்த எங்கள் பேராசிரியர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அமெரிக்காவில் ஒரு தெருவில் நடந்து போகிறீர்கள். எதிரே வருபவர் தம் குடும்பப் பெயர் வாஷிங்டன் என்கிறார். அவர் எப்படி இருப்பார்?" எங்கள் எல்லோருடைய கண்முன்னும் வந்து நின்றது டாலர் நோட்டில் உள்ள உருவந்தான். வெள்ளை முகம், நரைத்த தலைமுடி, இறுக மூடிய உதடுகள். அப்படியே சொன்னோம். பேராசிரியர் சிரித்தார். "பத்துப் பேரில் ஒன்பது பேர் கறுப்பின மக்களாக இருப்பார்கள்" என்றார். மணி அடித்துவிட்டது.

அந்த ஒரு வாக்கியம் என்னை நூலகத்திற்கு அனுப்பியது. ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் பெயர் எவ்வாறு ஆப்பிரிக்க வழிவந்த மக்களின் பெயராயிற்று? அங்கே கண்டறிந்ததைச் சக மாணவர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடும்பப் பெயர் பிறந்த விதம்

நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. தலைமுறைதோறும் அது மாறிவிடும். ஆங்கிலேயருக்கோ குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது. ஆனால் அவர்களிடமும் இவ்வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததன்று. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னரே அது நிலவுடைமையாளரிடையே பரவலாயிற்று. பின்னர்ச் சில நூற்றாண்டுகளில் சாதாரண மக்களிடமும் நிலைபெற்றது.

அப்பெயர்களைப் பெரும்பாலும் நான்கு வகையாகப் பிரிக்கலாம். தொழிலால் வந்தவை ஒருவகை. கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் அதற்குச் சான்று. தந்தை பெயரால் வந்தவை மற்றொரு வகை. ஜானின் மகன் என்னும் பொருளுடைய ஜான்சன் அத்தகையது. நிறம், உருவம் முதலியவற்றால் வந்த பிரவுன், ஷார்ட் போன்றவை மூன்றாம் வகை. ஊரால் வந்தவை நான்காம் வகை. வாஷிங்டன் இந்த நான்காம் வகையைச் சேர்ந்தது.

ஊர்ப் பெயர் குடிப் பெயரானது

இங்கிலாந்தின் வடகிழக்கில், பழைய டர்ஹாம் மாவட்டத்தில், வாஷிங்டன் என்றொரு சிற்றூர் இருந்தது. இன்று அது சண்டர்லாந்து மாநகரத்தின் ஒரு பகுதி. ஹ்வாசா என்னும் பண்டைய ஆங்கிலேயன் ஒருவனின் வழியினர்க்குரிய பண்ணை என்பதே அப்பெயரின் பொருள் என்பர். ஆங்கில ஊர்ப் பெயர்கள் பலவற்றின் இறுதியில் வரும் 'டன்' என்னும் ஒட்டு, நம் ஊர்ப் பெயர்களில் வரும் பாடி, பட்டி போன்றது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வில்லியம் டி ஹார்ட்பர்ன் என்னும் பிரபு வாழ்ந்தார். 'டி' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று பொருள். அவர் தம்முடைய ஹார்ட்பர்ன் கிராமத்தை டர்ஹாம் ஆயரிடம் ஒப்படைத்து, மாற்றாக வாஷிங்டன் கிராமத்தைப் பெற்றுக்கொண்டார். 1183-ல் ஆயரின் ஆணைப்படி எழுதப்பட்ட போல்டன் ஏடு என்னும் நிலக்கணக்கில் இச்செய்தி காணப்படுகிறது. அக்கிராமத்துக்காக அவர் 4 பவுன் செலுத்த வேண்டும். ஆயரின் பெருவேட்டைக்கு 4 வேட்டை நாய்களுடன் வரவும் வேண்டும். நிலம் மாறியதும் அவர் பெயரும் மாறிற்று. வில்லியம் டி ஹார்ட்பர்ன் என்பவர் வில்லியம் டி வெசிங்டன் ஆனார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். வாஷிங்டன் என்னும் பெயர் முதன்முதலாக ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது இரத்தத்தால் அன்று. ஒரு கொடுக்கல் வாங்கலால். நிலத்தை உடையவனுக்கு நிலத்தின் பெயர் வந்தது. பின்னால் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இதனை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

கடல் கடந்த பெயர்

அக்குடும்பம் கிளை கிளையாகப் பரவியது. ஒருவர் 1416 முதல் 1446 வரை டர்ஹாம் மடத்தின் தலைவராக விளங்கினார். லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் நார்தாம்டன் நகரின் மேயரானார். எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539-ல் சல்கிரேவ் என்னும் பண்ணையை அவர் விலைக்கு வாங்கினார்.

அவருடைய வழியில் வந்த மற்றொரு லாரன்ஸ், எசெக்ஸ் பகுதியில் திருச்சபைக் குருவாக இருந்தார். உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1643-ல், அவர் தம் பதவியை இழந்தார். குடும்பம் நொடித்தது. அவர் மகன் ஜான் ஒரு வணிகக் கப்பலில் பணிபுரிந்து, 1650-களின் பிற்பகுதியில் வர்ஜீனியாவில் கரையேறினார். அங்கேயே மணமுடித்து நிலம் சேர்த்தார். இந்த ஜானின் கொள்ளுப்பேரரே 1732-ல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன்.

ஜார்ஜின் புகழால் அப்பெயர் 1791-ல் ஒரு தலைநகரின் பெயராயிற்று. 1889-ல் ஒரு மாநிலத்தின் பெயருமாயிற்று. ஆனால் ஜார்ஜுக்கு மக்கட்பேறு இல்லை. இங்கிலாந்திலும் இக்குடும்பப் பெயர் அரிதே. அவ்வாறாயின் இத்தனை வாஷிங்டன்கள் எங்கிருந்து வந்தனர்?

பெயரில்லாப் பட்டியல்

1799-ல் ஜார்ஜ் வாஷிங்டன் மறைந்தபோது அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் 123 பேர் அவருக்கே உரியவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் சொத்தின் வழியாக வந்தவர்கள். தமக்கு உரியவர்களைத் தம் மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்குமாறு அவர் உயில் எழுதியிருந்தார். மார்த்தா அதுவரை காத்திராமல் 1801 ஜனவரி முதல் நாளே அவர்களை விடுவித்தார். எஞ்சியோர் அடிமைகளாகவே பிறர் கைக்கு மாறினர்.

இன்றுள்ள வாஷிங்டன்கள் எல்லோரும் இவர்களின் வழியினர் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அது பிழை. 317 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அன்றியும் அப்பண்ணையில் வாழ்ந்தவர்களே வில்லியம் லீ, ஓனா ஜட்ஜ் என வேறு வேறு குடும்பப் பெயர்களைத் தாங்கியிருந்தனர்.

அங்கிருந்து தப்பிச் சென்று வாஷிங்டன் என்னும் பெயரைத் தாங்கிய ஒருவரும் உண்டு. ஆப்பிரிக்காவில் பிறந்த ஹாரி வாஷிங்டன், 1776-ல், தம் எசமானர் விடுதலைப் போரை நடத்திக்கொண்டிருந்த அதே வேளையில், ஆங்கிலேயர் பக்கம் ஓடினார். 1783-ல் ஆங்கிலேயர் கப்பலேறியபோது எழுதிய பதிவேட்டில், தளபதி வாஷிங்டனின் முன்னாள் உடைமை என்ற குறிப்புடன் அவர் பெயர் இடம்பெற்றது. நோவா ஸ்கோஷியா சென்று, 1792-ல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குத் திரும்பினார். 1800-ல் அங்கே நிலவரியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் சேர்ந்து நாடு கடத்தப்பட்டார். ஆங்கிலேயரின் வரியை எதிர்த்த வாஷிங்டன்கள் இருவர் என்பதை நம் பாடநூல்கள் கூறுவதில்லை.

அடிமைகளுக்குச் சட்டத்தின் கண்ணில் குடும்பப் பெயர் கிடையாது. 1850, 1860-ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எசமானரின் பெயருக்குக் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவையே குறிக்கப்பட்டன. பெயர் பெரும்பாலும் எழுதப்படவில்லை. ஆயினும் அவர்களில் பலர் தமக்குள் குடும்பப் பெயர்களைக் காப்பாற்றி வந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியுள்ளனர். 1865-ல் அடிமைமுறை ஒழிந்தது. 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் தென்மாநிலங்களின் கறுப்பின மக்கள் அனைவரும் முதன்முறையாகப் பெயருடன் பதிவாயினர். பதிவாளர் கேட்கும்போது ஒவ்வொருவரும் ஒரு குடும்பப் பெயர் சொல்லியாக வேண்டும்.

வகுப்பறையில் பிறந்த பெயர்

அந்தக் கேள்வியை ஒரு சிறுவன் எவ்வாறு எதிர்கொண்டான் என்பதை நாம் அறிவோம். அவனே பெரியவனாகித் தன் வரலாற்றை எழுதியிருக்கிறான். அவன்தான் புக்கர் டி. வாஷிங்டன்.

1856-ல் வர்ஜீனியாவின் ஒரு புகையிலைப் பண்ணையில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் அவர். 1861-ல் பண்ணையாளர் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கில், ஆடுமாடுகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும், 'புக்கர்' என்னும் சிறுவனின் விலை 400 டாலர் என்று எழுதப்பட்டிருக்கிறது. தந்தை ஒரு வெள்ளையர் என்று மட்டுமே அவர் கேள்விப்பட்டார், பெயர்கூடத் தெரியாது. நம் வழக்கப்படி பார்த்தால் அவருக்குத் தலைப்பெழுத்தே இல்லை.

விடுதலைக்குப் பின் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவில் உப்பளங்கள் இருந்த ஊருக்குச் சென்றது. சிறுவன் விடியுமுன் எழுந்து வேலை செய்துவிட்டுப் பள்ளிக்குச் சென்றான். அங்கே ஆசிரியர் வருகைப் பதிவுக்காகப் பெயர்களைக் கேட்கத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. சிலருக்கு மூன்றும் இருந்தன. அவனுக்கோ ஒன்றுதான். தன் முறை வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தான். ஆசிரியர் கேட்டதும், பிறந்தது முதல் அதுவே தன் பெயர் என்பதுபோல, "புக்கர் வாஷிங்டன்" என்று அமைதியாகச் சொன்னான். அன்று முதல் அதுவே அவன் பெயர். தாய் தனக்கு டாலியஃபெரோ என்றொரு பெயரும் இட்டிருந்ததைப் பின்னர் அறிந்து, அதனை நடுவில் சேர்த்துக்கொண்டார். 'டி' என்னும் அந்த எழுத்து தாய் தந்தது.

விடுதலை பெற்றவர்கள் பழைய எசமானரின் பெயரோடு தொடர்வதை விரும்பவில்லை என்றும் அவர் எழுதுகிறார். 'இன்னாருடைய ஜான்' என்று அழைக்கப்பட்டவர், 'ஜான் எஸ். லிங்கன்' ஆனார். அந்த 'எஸ்' எந்தப் பெயரையும் குறிப்பதன்று. சுதந்திர மனிதனுக்கு ஒரு தலைப்பெழுத்து வேண்டும், அவ்வளவே. இதனைப் படித்தபோது நான் சிரித்தேன். சிரித்து முடிக்குமுன் கண் கலங்கிற்று.

எண்ணிக்கை சொல்லும் செய்தி

வாஷிங்டன் என்னும் பெயரைப் பலரும் ஏற்றதற்குக் காரணம் ஒன்றன்று. சிலர் வாஷிங்டன் குடும்பத்தாரின் பண்ணைகளில் இருந்தவர்கள். சிலருக்கு அது தந்தையின் முதற்பெயர்; அடிமைகளிடையே வாஷிங்டன் என்னும் முதற்பெயர் வழங்கியது. புக்கரின் மாற்றாந்தந்தையின் பெயரே வாஷிங்டன் பெர்குசன்தான். வேறு சிலரோ, நாட்டின் முதல் குடிமகனின் பெயரைச் சூடி, 'நானும் இந்நாட்டுக் குடிமகன்' என்று அறிவித்துக்கொண்டவர்கள் எனலாம்.

விளைவைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இக்குடும்பப் பெயர் உடையோர் 1,63,036 பேர். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். வெள்ளையர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. அவ்வாண்டில் அடுத்த நிலையில் இருந்தது ஜெபர்சன். அதில் கறுப்பினத்தார் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர். 2010-ஆம் ஆண்டுக் கணக்கிலும் வாஷிங்டன்களில் 87 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவரே.

1967-ல் தலைநகர் வாஷிங்டனின் மேயர் பொறுப்புக்கு அமர்த்தப்பட்டவர் வால்டர் வாஷிங்டன் என்னும் கறுப்பினத்தவர். 1974-ல் மக்களே அவரைத் தேர்ந்தெடுத்தனர். 1983-ல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானவர் ஹாரல்டு வாஷிங்டன். திரைப்பட நடிகர் டென்சல் வாஷிங்டனை அறியாத மாணவர் நம்மில் குறைவு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெள்ளையர் பெயர் வேண்டா என்று துறந்தவர்களும் கறுப்பின மக்களிடையே தோன்றினர். மால்கம் லிட்டில், தொலைந்துபோன ஆப்பிரிக்கப் பெயருக்கு அடையாளமாக 'எக்ஸ்' என்னும் எழுத்தை வைத்துக்கொண்டார். குத்துச்சண்டை வீரர் காஷியஸ் கிளே 1964-ல் முகமது அலி ஆனார். பெயரை ஏற்றவர்களும் துறந்தவர்களும் கேட்டது ஒன்றையே. என் பெயரை நான் சொல்லுவேன். பிறர் சொல்லக் கூடாது என்பதே அது.

முடிவாக

நம் சென்னைக் கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தரின் பெயர் வந்த வழியும் இங்கு நினைக்கத்தக்கது. ஏழ்மையான இளமையில் தமக்கு உதவிய வாஷிங்டன் என்னும் ஓய்வுபெற்ற இராணுவ வீரரின் நினைவாக, அவர் தந்தை மகனுக்கு அப்பெயரை இட்டார். நிலத்தால் வந்த பெயர், விடுதலையால் வந்து, நன்றியாலும் வந்திருக்கிறது.

வில்லியம் பிரபு ஒரு கிராமத்தைப் பெற்று இப்பெயரை அடைந்தார். புக்கர் என்னும் சிறுவனுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை. ஆசிரியரின் கேள்வி ஒன்றுதான் இருந்தது. எனினும் இன்று அப்பெயரைச் சுமந்து நடப்பவர்களில் பெரும்பாலோர் புக்கரைப் போன்றவர்களின் பேரப்பிள்ளைகளே. ஒரு பெயர் யாருக்கு உரியது? அதை முதலில் வைத்திருந்தவனுக்கு என்பதைவிட, அதைத் தாங்கி வாழ்பவனுக்கு என்பதே பொருந்தும்.

நாள்தோறும் காலையில் வருகைப் பதிவேடு திறக்கப்படுகிறது. நம் பெயரைக் கேட்டதும் பாதித் தூக்கத்தில் "உள்ளேன் ஐயா" என்கிறோம். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மக்களினம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது என்பதை அறிந்த பின், நான் சற்று உரக்கவே சொல்கிறேன்.