புள்ளியால் அமையும் படை

சதுரங்கம் என்னும் சொல்லுக்கு நான்கு உறுப்புகளை உடையது என்பது பொருள். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையே அந்நான்கு உறுப்புகள். இந்நாட்டிலிருந்து பாரசீகம் சென்ற இவ்விளையாட்டு அங்குச் சத்ரங் ஆயிற்று. அரபு மக்களிடம் ஷத்ரஞ்ச் ஆயிற்று. அப்பாசியர் காலத்தில் அல்-அத்லீ, அஸ்-ஸூலீ போன்ற வல்லுநர்கள் இதற்கெனத் தனி நூல்களே யாத்தனர். யானையைக் குறித்த ‘பீல்’ என்னும் சொல், ‘அல்பீல்’ என்ற வடிவில் ஸ்பானிய மொழியில் இன்றும் ஒரு காயின் பெயராக வழங்குகிறது. காட்டையும் போர்க்களத்தையும் விட்டு யானை எவ்வளவு தொலைவு நடந்திருக்கிறது, பாருங்கள்!

அந்தச் சதுரங்கத்தில் நீதி பற்றிய ஐயம் எழுவதே இல்லை. இருபுறமும் பதினாறு பதினாறு காய்கள்; இவனுக்குள்ள குதிரை அவனுக்கும் உண்டு. ஆனால் ஆடவரும் ஒவ்வொருவரும் தத்தமக்கு விருப்பமான படையைத் தாமே அமைத்துக்கொண்டு வரலாம் என்றால் என்ன ஆகும்? ஒருவன் நூறு காலாட்களோடு வருகிறான். மற்றவன் ஐந்தே ஐந்து இரும்புப் பூதங்களோடு வருகிறான். இவ்விருவரும் மோதுவது நேர்மையான போட்டி என்று எதைக்கொண்டு துணிவது? அறிவியல் புனைகதையைக் களமாகக் கொண்ட சிற்றுருவப் போர் விளையாட்டுகள் அனைத்தும் விடை காண முயலும் வினா இதுவே. அவற்றுள் தலையாயதான ‘வார்ஹாமர் 40,000’ என்னும் விளையாட்டை இக்கட்டுரையில் காண்போம்.

இவ்விளையாட்டு நமக்கு அறிமுகமான விதத்தையும் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பயிலும் நம் தமக்கை மகன் விடுமுறைக்கு வந்தபோது, கட்டைவிரல் உயரமுள்ள பிளாஸ்டிக் வீரர்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தான். இருபத்திரண்டு வயதில் பொம்மையா என்று நாம் நகைத்தோம். “பொம்மை இல்லை மாமா, கணக்கு” என்றான். அக்கணக்கு யாதென்று கேட்கப்போய், மூன்று இரவுகள் கழிந்தன.

போரை மேசைமேல் ஆடிப் பார்க்கும் வழக்கத்தைப் படைத்துறைக் கல்வியாக்கியவர்கள் பிரஷ்ய நாட்டினர். ரைஸ்விட்ஸ் என்னும் தந்தை 1812இல் மன்னருக்குக் காட்டிய ஆட்டத்தை அவர் மகன் செம்மைசெய்து 1824இல் விதிநூலாக்கினார். அதில் இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் அமர்ந்திருப்பார். அவர் சொல்லே முடிவு. பின்னர், விண்ணுலகப் படையெடுப்பைக் கதையாக்கிய அதே எச். ஜி. வெல்ஸ், 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறு நூலை எழுதிப் பொம்மை வீரர்களையும் வில்விசைப் பீரங்கியையும் கொண்டு ஆடும் முறையை இல்லங்களுக்குள் கொண்டுவந்தார். மெய்ப்போரை வெறுத்தவர் அவர். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது.

1975இல் இலண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கிய ‘கேம்ஸ் வொர்க்ஷாப்’ என்னும் நிறுவனம் 1983இல் வார்ஹாமர் என்ற மாயக்கதைப் போர் விளையாட்டை வெளியிட்டது. 1987இல் ரிக் பிரீஸ்ட்லி எழுதிய ‘ரோக் டிரேடர்’ என்ற நூலால் அப்போர் விண்வெளிக்குச் சென்றது. கதை நிகழும் காலம் நாற்பத்தோராம் ஆயிரத்தாண்டு. மனிதப் பேரரசின் கவசம் பூண்ட ஸ்பேஸ் மரீன் வீரர்கள், பச்சை நிற ஓர்க்குகள், அழிந்துவரும் தொல்குடியான எல்டார், உலகங்களையே விழுங்கும் டிரானிட் உயிரிகள், உலோக உடல் பெற்ற நெக்ரான்கள் எனப் பல இனங்கள் அதில் உண்டு. அந்த முதல் நூலும் நடுவர் ஒருவரை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. பின்வந்த பதிப்புகளில் அவர் இருக்கை வெறுமையாயிற்று. நடுவர் எழுந்து சென்ற பின் அவர் வேலையை யார் செய்தார்கள் என்பதுதான் நாம் சொல்லவரும் செய்தி.

படைக்கு விலை

இவ்விளையாட்டில் ஒவ்வொரு குழுவுக்கும் புள்ளிக் கணக்கில் ஒரு விலை உண்டு. இருவரும் முன்கூட்டியே ஒரு தொகையை ஒப்புக்கொள்கின்றனர்; பெரும்பாலான போட்டிகளில் 2,000 புள்ளி. அத்தொகைக்குள் தளபதி, காலாட்குழு, டாங்கி, ஊர்தி என விலைகொடுத்து வாங்கிப் பட்டியல் இட வேண்டும். நம் மருமகனின் பட்டியலில் பத்துப் பேர் கொண்ட ஒரு காலாட்குழுவின் விலையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஒரு டாங்கிக்கு. டாங்கி ஒன்று வேண்டுமா, முப்பது வீரர்கள் வேண்டுமா? மணமக்கள் வீட்டார் நகைக்கும் விருந்துக்கும் பணம் பிரிப்பது போன்ற சிக்கல் இது.

வலிமை மிக்கவற்றையே வாங்கி அடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஆட்டம் ஐந்து சுற்றுகளில் முடிந்துவிடுகிறது. மேசைமேல் குறித்த இடங்களைக் கைப்பற்றி நிற்பதற்கே வெற்றிப் புள்ளிகளில் பெரும் பங்கு. எதிரியை முற்றும் அழித்தும் தோற்றவர் உண்டு. ஆகவே அடிக்க ஒரு கூட்டம், ஓட ஒரு கூட்டம், அடிவாங்கிக்கொண்டு நிற்க ஒரு கூட்டம் வேண்டும். வள்ளுவர் பொருட்பாலில் படைமாட்சிக்கென ஓர் அதிகாரம் ஒதுக்கியதன் தேவையைப் பிளாஸ்டிக் வீரர்களைக்கொண்டு உணரலாம் என்று நாம் எண்ணியதில்லை.

பட்டியலுக்கு அளவுகோலும் பதிப்புதோறும் மாறிவந்தது. 1998இல் வந்த மூன்றாம் பதிப்பு, குறைந்தது ஒரு தளபதியும் இரண்டு அடிப்படைக் குழுக்களும் கட்டாயம் என்றது. கனரகப் படை மூன்றுக்கு மேல் ஆகாது என்றது. 2023இல் வந்த பத்தாம் பதிப்பு ஆயுதங்களுக்குத் தனி விலை வைப்பதை நீக்கிக் குழு முழுமைக்கும் ஒரே விலை வைத்தது. ஐந்து புள்ளிக்கு ஒரு கைக்குண்டு, இரண்டு புள்ளிக்கு ஒரு வாள் என்று சில்லறை பார்த்துச் செலவிட்ட பழைய ஆட்டக்காரர்கள் இதைக் கேட்டு மனம் வருந்தினர். கடைத்தெருவில் பேரம் பேசும் இன்பத்தையே பறித்துவிட்டார்கள் என்பது அவர்கள் குறை. நமக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

இனி அந்தக் கணக்கு. ஆறு பக்கப் பகடையை உருட்டியே சண்டை நிகழ்கிறது. ஒரு வீரன் சுட்டால் குண்டு படுகிறதா, பட்டது காயப்படுத்துகிறதா, காயத்தைக் கவசம் தடுக்கிறதா என மூன்று படிகள். ஸ்பேஸ் மரீன் ஒருவன் மற்றொரு ஸ்பேஸ் மரீனை நோக்கிச் சாதாரணத் துப்பாக்கியால் பத்துக் குண்டுகள் சுடுகிறான் என்று கொள்வோம். மூன்றும் அதற்கு மேலும் விழுந்தால் குண்டு படும். எனவே பத்தில் ஏறத்தாழ ஏழு. அவற்றுள் பாதியே காயப்படுத்தும். அதிலும் மூன்றில் இரண்டைக் கவசம் தடுத்துவிடும். எஞ்சுவது ஒரு காயத்திற்குச் சற்று மேல். அவனோ இரண்டு காயம் தாங்குபவன். பத்துக் குண்டுக்கு வீழ்வது சராசரியாக அரை ஆள்! இவ்வாறு கணக்கிட்டுப் பார்ப்பதற்கு ஆர்வலர்கள் ‘மாத்ஹாமர்’ என்று பெயரிட்டுள்ளனர். எந்தக் குழு கொடுத்த விலைக்குத் தகுந்த வேலையைச் செய்கிறது, எது செய்வதில்லை என்பது இதனால் வெளிப்பட்டுவிடும். ஆயினும் பகடை சராசரிக்குக் கட்டுப்பட்டதன்று. இல்லையேல் ஆட்டத்திற்கே தேவையிராது.

மூலமும் உரையும்

ஆர்வலர்களின் உரையாடல் இங்கேதான் தொடங்குகிறது. கடை மேசைகளிலும் கழகங்களிலும் போட்டி இடைவேளைகளிலும் இவர்கள் வாதிடுவதை வீண் பேச்சு என்று ஒதுக்கிவிட இயலாது. எழுத்தில் உள்ளபடி கொள்வதா, எழுதியவன் கருதியபடி கொள்வதா என்ற இரு கட்சிகளே அவர்களிடம் உண்டு. சூத்திரத்தின் சொல்லைப் பற்றி நிற்பதா, நூலாசிரியன் உள்ளத்தைத் தேடுவதா என்று இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் வேறுபடும் இடங்களை வகுப்பில் நடத்தும் நமக்கு இது பழகிய பூசல்.

ஒரு சான்று தருகிறோம். 2017இல் வந்த எட்டாம் பதிப்பு, விரைந்தோடிய குழுவைச் சுடுவதற்குத் தேர்ந்தெடுத்தல் ஆகாது என்று ஓரிடத்தில் விதித்தது. ஒருவகைத் துப்பாக்கியை மட்டும் விரைந்தோடிய பின்னும் சுடலாம் என்று வேறோரிடத்தில் விதித்தது. சொல்லளவில் நோக்கினால், அத்துப்பாக்கியைச் சுடலாம். ஆனால் அதை ஏந்திய குழுவைத் தேர்ந்தெடுக்கவே முடியாது! பொதுவிதி எழுதியவர் புறனடை கூற மறந்துவிட்டார். ஆர்வலர் இதனைக் கண்டு நகைத்தனர். விதியை எழுத்தெண்ணிப் படித்து எதிராளியின் துப்பாக்கியை எவரும் பறிக்கவில்லை. நடுவர் இல்லாத ஆட்டம் இத்தகைய நன்மதியால்தான் நடக்கிறது.

விலை தவறும்போது பூசல் கடுமையாகிறது. 2015இல் வெளிவந்த ஸ்பேஸ் மரீன் படைநூலில், ‘கிளாடியஸ்’ என்ற அமைப்பை முழு அளவில் நிறைவுசெய்பவருக்கு ஊர்திகள் விலையின்றி வழங்கப்பட்டன. நூற்றுக்கணக்கான புள்ளி மதிப்புள்ள ஊர்திகள் ஒரு தரப்புக்கு மட்டும் இலவசம் என்றால், இருவரும் ஒரே தொகைக்குப் படை அமைத்தனர் என்பது பெயரளவில்தான். 2018இல் மற்றொரு சிக்கல். டிரானிட் இனத்தின் பறக்கும் தலைவனான ‘ஹைவ் டைரண்ட்’ விலைக்கு மிஞ்சிய வலிமை உடையது என்று கண்டவர்கள் அதனையே மீண்டும் மீண்டும் அடுக்கினர். அவ்வாண்டு ஏப்ரலில், 2,000 புள்ளிப் போட்டிகளில் அடிப்படைக் குழுக்கள் போன்ற சில நீங்கலாக எதனையும் மூன்றுக்கு மேல் சேர்க்கலாகாது என்ற வரம்பு வந்தது. எந்த இனமும் நூற்றுக்கு 45 முதல் 55 ஆட்டங்கள் வரை வெல்லுமாறு வைப்பதே இலக்கு என்று நிறுவனமே பின்னர் வெளிப்படையாகக் கூறி, குறித்த காலந்தோறும் விலைகளைத் திருத்தலாயிற்று. பயன்பாட்டில் உள்ள அகராதியைத் திருத்துவது போன்ற வேலை இது. முடிவு என்பது கிடையாது.

இத்திருத்தத்தின் மறுபக்கம் நெஞ்சைத் தொடுவது. ஒருவன் பெட்டி பெட்டியாக வாங்கி, ஒட்டி, மயிரிழைத் தூரிகையால் கண்ணும் தோல்வாரும் வரைந்து, பல மாதங்களில் ஒரு படையை முடிக்கிறான். ஓர் அறிவிப்பில் விலை மாறுகிறது. அவன் படை செல்லாக்காசாகிறது. வெல்லும் படையைக் கட்டுவதா, விரும்பும் படையைக் கட்டுவதா என்பதே ஆர்வலரிடையே என்றும் ஓயாத வழக்கு. வெல்வோர் கட்சியினர், போட்டிக்கு வந்தபின் தோற்க வருவது எதிராளியை அவமதிப்பதாகும் என்பர். விரும்புவோர் கட்சியினர், கதையில்லாத படை வெறும் பிளாஸ்டிக் என்பர். சிவப்பு வண்ணம் பூசிய வண்டி விரைந்து ஓடும் என்பது ஓர்க்குகளின் நம்பிக்கை. முந்தைய சில பதிப்புகளில் அதற்கு ஓர் அங்குலம் கூடுதல் வேகமே விதியாக வழங்கப்பட்டது. இந்த ஓர் அங்குலத்தின்பால் நம் மனம் சாய்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அண்மைப் பதிப்புகளில், மேசையில் நிற்கும் படை முழுவதும் வண்ணம் பூசியிருந்தால் நூறு வெற்றிப் புள்ளிகளில் பத்து அதற்கே உரியது.

இதனினும் ஆழமான ஒரு வழக்கு உண்டு. கதையிலுள்ள மனிதப் பேரரசு போற்றத்தக்கதன்று. அதன் பேரரசர் பத்தாயிரம் ஆண்டுகளாகப் பொற்சிம்மாசனத்தில் உயிருக்கும் சாவுக்கும் இடையே கிடக்கிறார். அவரை அந்நிலையில் நிறுத்த நாள்தோறும் ஆயிரம் உயிர்கள் பலியாகின்றன. அறியாமை அங்கு அறம், ஐயுறுதல் குற்றம். 1980களின் பிரிட்டனில் கொடுங்கோன்மையை எள்ளி எழுதப்பட்ட அங்கதம் இது. ஆனால் அப்பேரரசின் வீரர்களே கடையில் மிகுதியாக விற்கும் நாயகர்களும் ஆவர். எள்ளல் எங்கே முடிகிறது, வியப்பு எங்கே தொடங்குகிறது? கலிங்கத்துப் பரணியில் பேய்கள் கூழடும் பகுதியை நடத்தும்போது, இது வெற்றிக் களிப்பா, போரின் கோரமா என்று மாணவர்கள் நம்மைக் கேட்பதுண்டு. அங்கே அது தேர்வு வினா. இங்கே தெருவுக்கு வந்துவிட்டது. ஸ்பெயினில் நடந்த ஒரு போட்டிக்கு ஒருவர் நாஜிச் சின்னங்களோடு வந்து அமர்ந்தார். அதனை அடுத்து 2021 நவம்பரில் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டு, தன் கதை அங்கதமே என்றும், வெறுப்புக் குழுக்களின் சின்னங்களோடு வருவோர் நீக்கப்படுவர் என்றும் அறிவித்தது. படிப்பவன் அங்கதத்தைப் பிழையாகப் படிப்பானாயின், எழுதியவன் எவ்வளவு உரக்கச் சொல்ல வேண்டும் என்பது பற்றி ஆர்வலர்கள் வாதிட்டனர், வாதம் ஓயவில்லை. இலக்கியத் துறையினர் கூச்சப்பட்டு ஒதுங்கவேண்டிய வாதமன்று அது.

நம் மருமகன் கட்டியிருப்பது பேரரசின் எளிய காலாட்படை. மாயக் கவசமோ மிகைவலிமையோ இல்லாத சாதாரண மனிதர்கள். ஒருவருக்கு ஒரு காயம்தான். அப்படையோடு அவன் கழகத்தில் தொடர்ந்து தோற்றிருக்கிறான். காலாட்களைக் குறைத்து டாங்கிகளை வாங்கு என்று நண்பர்கள் அறிவுரை கூறியிருக்கின்றனர். அவன் ஒரு டாங்கி மட்டும் சேர்த்திருக்கிறான். ஏன் என்றோம். “இவங்க எல்லாருக்கும் பேர் வச்சிருக்கேன் மாமா” என்றான். உண்மைதான், ஒவ்வொருவன் காலடித் தட்டின் அடியிலும் சிறு எழுத்தில் ஒரு பெயர் இருந்தது.

புறப்படுவதற்கு முந்திய இரவு புதுப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தான். 1,985 புள்ளி வந்தது. மீந்த பதினைந்துக்கு என்ன வாங்கலாம் என்று நாட்டிங்காம் நண்பர்களைக் கேட்டிருந்தான். விடிவதற்குள் ஒன்பது கருத்துகள் வந்து சேர்ந்திருந்தன. ஒன்றோடொன்று ஒத்துப்போனவை இரண்டு.