பழைய பிக்கப்பின் நடுப்பெட்டி

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் உரமூட்டையும் மரக்கறியும் சுமந்து செல்லும் பிக்கப் வண்டிகளுள் பல வயது முதிர்ந்தவை. 2020ஆம் ஆண்டில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் அனுமதி மீண்டும் கிடைத்தபோதும், புதிய வண்டியின் வரியும் விலையும் எளியவர் கைக்கு எட்டுவனவாக இல்லை. ஆதலின், உள்ள வண்டியைப் பேணுவதே பலருக்கும் வழி.

முன்னிருக்கைகளுக்கு நடுவே கியர்த்தண்டைச் சூழ்ந்திருக்கும் பிளாஸ்டிக் பெட்டி, வெயிலில் காய்ந்தும் முழங்கையின் பாரத்தைத் தாங்கியும் நாளடைவில் உடைகிறது. அழகு மட்டுமே கெட்டது என்று அதனைப் புறக்கணித்தல் தவறு. இறக்கத்தில் பாரவண்டியை அடக்குவது பிரேக் மட்டுமன்று. தாழ்ந்த கியரில் எஞ்சினும் அடக்குகிறது. பிடி விட்ட பெட்டி கியர்த்தண்டின் மேல் சாய்ந்தால் தக்க கியர் விழாது. உடைந்த துண்டு பிரேக் மிதியின் அடியில் உருண்டால் நேரும் இடரைச் சொல்ல வேண்டுவதில்லை.

கழற்றும் முறை கடினமன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும். பின்னர் பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. காற்றுப்பை உள்ள வண்டிகள் சிலவற்றில் அதன் கருவி இப்பெட்டியின் அடியிலேயே இருக்கும். அவற்றில் சில நிமிடம் பொறுத்திருந்து, மஞ்சள் நிற இணைப்புகளைத் தொடாது விடுதல் நன்று.

கியர்த்தண்டின் குமிழ் பெரும்பாலும் இடப்புறமாகத் திருகினால் கழலும். அடுத்து ஆணிகளைத் தேடுதல் வேண்டும். முன்பக்கத்து ஆணிகள் கண்ணுக்குத் தெரியும். பின்பக்கத்தவை பெட்டியின் உள்ளே, விரிப்பின் அடியிலோ சிறு மூடியின் கீழோ மறைந்திருக்கும். மலைநாட்டு ஈரத்தில் துருவேறிய ஆணிக்குச் சிறிது எண்ணெய் விட்டுக் காத்திருத்தலே முறை; வலிந்து திருப்பினால் தலை தேயும். பெட்டி அசைய மறுத்தால், இன்னும் ஓர் ஆணி எஞ்சியுள்ளது என்பதே பொருள்.

கைப்பிரேக் பெட்டியின் ஊடே வருமாயின், அதனை முழுதும் உயர்த்திய பின் பெட்டியின் பின்புறத்தை முதலில் தூக்குக. அடியில் மின்கம்பிகள் இருப்பின், கம்பியை இழுக்காமல் இணைப்பின் கொளுவியை அழுத்திப் பிரித்தல் வேண்டும்.

பெட்டி அகன்றபின் தரையில் கியர்த்தண்டைச் சுற்றியுள்ள இறப்பர் உறையைப் பார்த்தல் அவசியம். மழைநீரையும் புகையையும் உள்ளே விடாது தடுப்பது அதுவே. அது கிழிந்திருந்தால் மாற்றுக. நடுப்பெட்டி இன்றியும் வண்டி ஓடும். தடையின்றி அசையும் கியர்த்தண்டு இன்றி மலையிறங்குதல் ஆகாது.