சின்னத்தில் ஒரு புலியும் யானையும்

தீப்பிழம்பு கக்கும் எறிகுண்டு. அதன் உருண்டையில் ஒரு புலி, ஒரு யானை. அடியில் ஓடும் பட்டையில் ‘ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்’ என்ற பெயர். ஓர் அயர்லாந்துப் படையணியின் தொப்பிச் சின்னம் இது. புலியும் யானையும் அதில் ஏறியதற்குக் காரணம் அந்தப் படையின் இந்தியப் பூர்வீகம்.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலும் பம்பாயிலும் வைத்திருந்த ஐரோப்பியப் படைகளின் வாரிசுகளை 1881-இல் இணைத்துத்தான் டப்ளின் படையணியை அமைத்தார்கள். அதன் போர்ப் பெருமைப் பட்டியலில் ஆர்க்காடு, வந்தவாசி, சோளிங்கர் எல்லாம் உண்டு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 25 அன்று, துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறங்கும்போது இந்தப் படை கொத்துக்கொத்தாக மடிந்தது. 1922-இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து பிரிந்தபோது படையணியும் கலைக்கப்பட்டது. அந்த ஆண்டோடு சின்னமும் நின்றுபோனது. சேகரிப்பாளர்கள் இதைத் தேடுவதில் வியப்பில்லை.

எல்லாச் சின்னங்களுக்கும் இப்படி முடிவு தேதி கிடையாது. அப்போது காலத்தைக் கணிக்க, சின்னத்தில் உள்ள கிரீடம் கைகொடுக்கும். 1901-க்குப் பிறகு ஆண்ட அரசர்களின் காலத்துக் கிரீட வளைவுகள் மேலே குவிந்து நிற்கும். இரண்டாம் எலிசபெத் காலத்தில் அவை நடுவில் பள்ளமாக இறங்கும். உலோகமும் காலம் சொல்லும். பித்தளையும் வெள்ளை உலோகமும் சேர்த்துச் செய்த பல சின்னங்கள், முதல் உலகப் போரின் நடுவில் சிக்கனத்துக்காக முழுப் பித்தளையாக மாறின. இரண்டாம் போரில் பிளாஸ்டிக், 1950-களில் பளபளக்கும் அலுமினியம்.

சந்தையில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. பழைய அசல் அச்சிலேயே புதிதாக அடித்தவையும் அவற்றில் உண்டு. அவைதான் அனுபவசாலிகளையும் ஏமாற்றுகின்றன. எனவே முதலில் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அச்சில் அடித்த மெல்லிய தகட்டில் முன்பக்கப் புடைப்பெல்லாம் பின்பக்கம் பள்ளமாகத் தெரியும். உருக்கி வார்த்த போலியின் பரப்பில் பொடிப்பொடியாகக் குழிகள் இருக்கும், எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். தொப்பியில் செருகும் தட்டைக் கம்பியோ, ஊசி மாட்டும் இரட்டை வளையங்களோ பற்றவைத்த இடம் புத்தம்புதிதாக மின்னினால் சந்தேகப்படலாம்.

புலியின் முகம் தேய்ந்திருந்தால் மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். அணிவகுப்புக்கு முன் சின்னத்தைத் துலக்குவது சிப்பாயின் அன்றாடக் கடமை. உண்மையாகவே தொப்பியில் ஏறிய சின்னம் அப்படித்தான் தேய்ந்திருக்கும். வாங்கி வந்ததும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். மங்கிய நிறமும் ஒரு சாட்சியம்; தேய்த்தால் அது போய்விடும்.