முகமூடிக்குப் பின்னால்: சுப்பர் ஹீரோ கதைகளும் ஒருபால் ஈர்ப்புடையோரின் உரிமைகளும்

சுப்பர் ஹீரோ கதைகள் என்றவுடன் அவை சிறுவர்களுக்கு, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு உரியவை என்றே எம்மில் பலர் எண்ணுகின்றோம். பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, தாய்மார் அடுப்படியில் தமது வேலைகளைக் கவனிப்பர். ஆயினும் இக்கதைகளைச் சற்று ஊன்றிப் பார்ப்போமாயின், ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரு பொதுவான விடயம் இருப்பதைக் காணலாம். கதையின் நாயகனுக்கோ நாயகிக்கோ ஓர் இரகசியம் இருக்கின்றது. பகலில் எல்லோரையும் போல வேலைக்குச் செல்லும் ஒருவர், தான் உண்மையில் யார் என்பதைப் பெற்றோரிடமும் நண்பர்களிடமும் மறைத்தே வாழவேண்டியுள்ளது. வெளியே தெரிந்தால் அன்புக்குரியவர்களை இழக்க நேரிடுமோ என்ற அச்சம் அவரை எப்போதும் பின்தொடர்கின்றது.

இதே அச்சத்துடன் வாழும் மனிதர்கள் கதைக்கு வெளியேயும் உள்ளனர். தமது பாலினத்தைச் சேர்ந்தவர் மீதே காதல் கொள்ளும் ஆண்களையும் பெண்களையும் ஒருபால் ஈர்ப்புடையோர் என்கிறோம். அமெரிக்கச் சுப்பர் ஹீரோ கதைகள் இவர்களது வாழ்வை உருவகமாகச் சொல்லும் கதைகளாகப் பல தசாப்தங்களாக வாசிக்கப்பட்டு வருகின்றன. அதன் பின்னணியை அறிந்துகொள்வது பெற்றோராகிய எமக்கும் பயன் தரும்.

தடைசெய்யப்பட்ட சொல்

1950களின் அமெரிக்காவில் ஒருபால் ஈர்ப்பு ஒரே வேளையில் குற்றமாகவும் நோயாகவும் கருதப்பட்டது. 1953இல் ஜனாதிபதி ஐசனோவர் பிறப்பித்த நிறைவேற்று ஆணையொன்றின் கீழ் இத்தகையோர் பெருந்தொகையாக அரச பணியிலிருந்து நீக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு, 1954இல், பிரெட்ரிக் வேர்தாம் என்ற மனநல மருத்துவர் கொமிக்ஸ் புத்தகங்கள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என வாதிட்டு ஒரு நூலை வெளியிட்டார். பற்மனும் றொபினும் ஒரே வீட்டில் வாழ்வது ஒருபாலுறவுக்கு ஆசைகாட்டும் கதை என்பது அவரது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அதே ஆண்டில் அமெரிக்க செனற் சபையின் உபகுழு இது பற்றி விசாரணை நடத்தியது. அஞ்சிய பதிப்பாளர்கள் தாமே கூடி ஓர் ஒழுக்கக் கோவையை வரைந்துகொண்டனர். 'பாலியல் வக்கிரம்' எனப்பட்டது எதனையும் மறைமுகமாகக்கூடக் காட்டலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்றாயிற்று.

இதே வேர்தாம் நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் கறுப்பின மக்களுக்கு மனநல சிகிச்சை நிலையம் நடத்தியவர் என்பதையும், பாடசாலைகளில் இன ஒதுக்கலுக்கு எதிரான வழக்கில் அவரது ஆய்வு பயன்பட்டது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். ஒரு விடயத்தில் நீதியை உணர்ந்தவர் இன்னொரு விடயத்தில் அதனைக் காணத் தவறலாம். அவர் தமது நூலுக்காகச் சிறுவர்களின் வாக்குமூலங்களைத் திரித்தும் கூட்டியும் எழுதியிருந்தார் என்பதை கரொல் ரில்லி என்ற ஆய்வாளர் 2012இல் ஆதாரங்களுடன் வெளியிட்டார். ஆனால் அந்த ஒழுக்கக் கோவையோ 1989 வரை ஒருபால் ஈர்ப்புடைய பாத்திரங்களுக்கு இடமளிக்கவில்லை. நேரடியாகச் சொல்ல முடியாததை எழுத்தாளர்கள் உருவகமாகவே சொல்ல நேர்ந்தது.

பிறப்பிலேயே வேறுபட்டவர்கள்

1963இல் ஸ்ரான் லீ, ஜக் கேர்பி ஆகிய இருவரும் 'எக்ஸ்-மென்' என்ற சித்திரக்கதைத் தொடரை ஆரம்பித்தனர். இருவரும் அமெரிக்காவில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஏனைய நாயகர்களுக்கு விபத்தாலோ விஞ்ஞானச் சோதனையாலோ சக்தி கிடைக்க, இவர்களோ மரபணு மாற்றத்துடன் பிறந்தவர்கள். அந்த வேறுபாடு பெரும்பாலும் பருவ வயதிலேயே வெளிப்படுகின்றது. பெற்றோர் சாதாரணமானவர்கள், பிள்ளை மட்டும் வேறுபட்டவர். இனத்தாலோ மதத்தாலோ ஒதுக்கப்படும் பிள்ளைக்கு வீட்டுக்குள் தன்னைப் போன்ற தாயும் தந்தையும் இருப்பர். ஒருபால் ஈர்ப்புடைய பிள்ளையோ அனேகமாகத் தனது வீட்டிலேயே தனித்து நிற்கின்றது. இக்கதை அவர்களுக்கு அவ்வளவு நெருக்கமாக அமைந்ததற்கு இதுவே முக்கிய காரணம் எனலாம்.

மரபணுவில் ஏற்படும் இத்தகைய மாற்றத்தை எமது பாடசாலை உயிரியலில் 'விகாரம்' என்று படிக்கின்றோம். பேச்சு வழக்கிலோ விகாரம் என்றால் அவலட்சணம். விஞ்ஞானம் மாற்றம் என்று மட்டும் சொல்வதைச் சமூகம் குறைபாடாகக் கேட்கின்றது. எக்ஸ்-மென் கதையின் சாரமும் இதுவே.

தற்செயலாக அதே 1963ஆம் ஆண்டில் ஏர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளர் சமூகக் களங்கம் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். களங்கம் சுமத்தப்படுவோரை அவர் இரு வகையாகப் பிரித்தார். வேறுபாடு வெளியே தெரிவதால் ஏற்கெனவே இழிவுக்கு உள்ளானவர்கள் ஒரு வகையினர். மற்றையோர் அதை மறைத்துக்கொண்டு, எந்நேரமும் அம்பலமாகலாம் என்ற பதற்றத்தில் வாழ்பவர்கள். எக்ஸ்-மென் கதைகளில் இவ்விரு வகையினரும் உண்டு. நீலத் தோலுடைய நைற்குரோலரால் ஒளிக்க முடியாது. மிஸ்ரிக் என்ற பெண்ணுக்கும் இயல்பில் நீலத் தோல்தான். ஆனால் அவளால் எவரது உருவத்தையும் எடுக்க முடியும். 2003இல் வெளிவந்த திரைப்படத்தில், அப்படியாயின் எப்போதும் ஏனையோரைப் போலவே இருந்துவிடலாமே என நைற்குரோலர் கேட்கிறான். அப்படி இருக்கவேண்டிய அவசியம் எமக்கு இருக்கக் கூடாது என்பதே அவளது பதிலின் பொருள். உரிமை என்பதன் விளக்கம் அந்தப் பதிலில் இருக்கின்றது.

அச்சம் சட்டமாகும்போது

2000ஆம் ஆண்டின் முதலாவது எக்ஸ்-மென் திரைப்படத்தில் ஒரு செனற்றர், இவர்கள் அனைவரும் அரசிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறார். எமது பிள்ளைகளுக்கு இவர்கள் கற்பிப்பதா என்றும் கேட்கிறார். இது வெறும் கற்பனையல்ல. 1978இல் கலிபோர்னியாவில் ஒருபால் ஈர்ப்புடையோர் அரச பாடசாலைகளில் கற்பிப்பதைத் தடுக்கும் பிரேரணையொன்று மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டுத் தோற்கடிக்கப்பட்டது. பிரித்தானியாவில் 1988இல் கொண்டுவரப்பட்ட 28ஆம் பிரிவு, உள்ளூராட்சி நிறுவனங்கள் ஒருபாலுறவை 'ஊக்குவிப்பதை'த் தடைசெய்தது. இங்கிலாந்தில் அது 2003இல்தான் நீக்கப்பட்டது. அச்சட்டத்தை எதிர்த்தபோதே நடிகர் இயன் மக்கெலன் தாம் ஒருபால் ஈர்ப்புடையவர் என்பதை வானொலியில் பகிரங்கமாகக் கூறினார். பின்னர் எக்ஸ்-மென் படங்களில் மக்னீற்றோவாக நடித்தவரும் அவரே. இக்கதை தம்மைப் போன்றோரின் கதையும் ஆகும் என்பதாலேயே அதில் நடிக்க விரும்பியதாக அவர் பின்னர் கூறியுள்ளார்.

1981இல் எயிட்ஸ் நோய் முதன்முதலில் அறியப்பட்டபோது நோயாளர்களைக் கவனிப்பதற்குப் பதிலாக அவர்களைக் குற்றஞ்சாட்டியவர்கள் பலர். 1993இல் எக்ஸ்-மென் தொடரில் அவர்களை மட்டுமே தாக்கும் வைரஸ் ஒன்று அறிமுகமானது. வாசகர்கள் அதன் பொருளை உடனேயே புரிந்துகொண்டனர்.

தாயின் கேள்வி

மேற்கூறிய 2003ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் தாய்மார் அனைவரும் பார்க்கவேண்டிய காட்சி ஒன்று உண்டு. பொபி என்ற இளைஞன் தனது வீட்டின் வரவேற்பறையில் பெற்றோரிடமும் தம்பியிடமும் தான் யார் என்பதைச் சொல்கிறான். தாயின் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை விரலால் தொட்டு உறைய வைக்கிறான். இப்படி இல்லாமல் இருக்க முயன்று பார்த்தாயா எனத் தாய் கேட்கிறார். பின்னர், எல்லாம் தனது குற்றமே எனக் கலங்குகிறார். தம்பியோ மாடிக்குச் சென்று பொலிசாரை அழைக்கிறான். பொபியின் வாயில் ஒருபால் ஈர்ப்பு என்ற சொல் வரவேயில்லை. ஆயினும் அந்த உரையாடல் எதைப் பற்றியது என்பது பார்ப்போருக்கு நன்கு விளங்கும்.

தாய் தன்னையே குற்றஞ்சாட்டிக்கொள்வது தற்செயலானதன்று. 1962இல் ஏர்விங் பீபர் முதலிய உளப்பகுப்பாய்வாளர்கள், மகனுடன் அளவுகடந்து ஒட்டிப்போகும் தாயே ஒருபால் ஈர்ப்புக்குக் காரணம் என எழுதினர். பிள்ளை எதிலே வேறுபட்டாலும் வளர்ப்புச் சரியில்லை எனத் தாயின் பக்கம் விரல் நீட்டுவது எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான பழக்கம் போலும். இதற்கு முன்பே, 1957இல், ஈவ்லின் ஹூக்கர் என்ற பெண் உளவியலாளர் ஒருபால் ஈர்ப்புடைய ஆண்களுக்கும் ஏனைய ஆண்களுக்கும் இடையே மனநலத்தில் வேறுபாடு இல்லை எனத் தமது ஆய்வில் காட்டியிருந்தார். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் 1990இல் உலக சுகாதார நிறுவனமும் ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கின.

நோயே இல்லாதபோது மருந்து எதற்கு? 2006இல் வெளிவந்த மூன்றாவது படம் இக்கேள்வியை எழுப்பியது. அதில் வேறுபாட்டைப் போக்கும் ஊசி மருந்து ஒன்று கண்டுபிடிக்கப்படுகின்றது. குணப்படுத்துவதற்கு எம்மிடம் எதுவும் இல்லை என ஸ்ரோம் என்ற பெண் சீறுகிறாள். எவரையும் தொட முடியாமல் தவிக்கும் றோக் என்ற இளம்பெண்ணோ வரிசையில் நின்று அம்மருந்தை ஏற்றுக்கொள்கிறாள். அவளைக் குறை சொல்ல எம்மால் முடியாது. ஆனால், அவள் மாற விரும்பியது தனக்காகவா, மற்றவர்களின் அருவருப்புக்கு அஞ்சியா என்று நாம் கேட்கவேண்டியுள்ளது. ஒருபால் ஈர்ப்பை 'மாற்றுவதாக' உறுதியளித்து அமெரிக்காவில் இயங்கிய எக்ஸோடஸ் இன்ரர்நெஷனல் என்ற மத அமைப்பு, பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்புக் கோரி 2013இல் தன்னைத் தானே மூடிக்கொண்டது.

உருவகத்திலிருந்து உண்மைக்கு

காலப்போக்கில் எழுத்தாளர்கள் உருவகத்தைக் கைவிட்டு நேரடியாகவே பேசத் தொடங்கினர். 1992இல் நோர்த்ஸ்ரார் என்ற நாயகன் தான் ஒருபால் ஈர்ப்புடையவன் என அறிவித்தான். 2012இல் அவனது திருமணமும் கதையில் இடம்பெற்றது. 2015இல் சித்திரக்கதைப் பொபியும் உண்மையாகவே ஒருபால் ஈர்ப்புடையவன் என வெளிப்பட்டான். அதே ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் ஒரே பாலினத்தவரின் திருமணத்தை அங்கீகரித்தது.

பெண்களுக்குரிய கதை பற்வுமனுடையது. 1956இல் பற்மனுக்குக் காதலியாக ஒரு பற்வுமன் படைக்கப்பட்டாள். பற்மன் பற்றிய வதந்திகளை அடக்குவதற்காகவே அவள் வந்தாள் என்பது பரவலான கருத்து. 2006இல் அதே பெயரில் வந்த கேற் கேன் பெண்களை விரும்பும் பெண். இராணுவக் கல்லூரியில் அவள்மீது முறைப்பாடு வருகின்றது. ஒரு பொய் சொன்னால் தொடர்ந்து படிக்கலாம். அவள் அப்பொய்யைச் சொல்ல மறுத்து வெளியேறுகிறாள். ஒருபால் ஈர்ப்புடையோர் அதனை வெளியிட்டால் இராணுவத்திலிருந்து நீக்கும் சட்டம் 2011 வரை அமெரிக்காவில் நடைமுறையில் இருந்தது. கேற் தனது தந்தையிடம் நடந்ததைச் சொல்கிறாள். அவர் ஒரு கேர்ணல். மகள் நேர்மையைக் கைவிடவில்லை என்பதே அவருக்குப் பெரிதாகப் படுகின்றது. பொபியின் தாயையும் கேற்றின் தந்தையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நன்று.

உருவகத்தின் எல்லை

இவ்வுருவகத்தில் குறைகளும் உள்ளன. கண்ணிலிருந்து அழிவுக் கதிர் பாயும் ஒருவரைக் கண்டு அயலவர் அஞ்சுவதில் ஓரளவு நியாயம் உண்டு. இரு பெண்கள் ஒருவரையொருவர் நேசிப்பதால் அயலவருக்கு என்ன ஆபத்து? மேலும், உலகைக் காப்பாற்றினால்தான் ஒருவரை ஏற்றுக்கொள்வோம் என்பதும் நீதியன்று. உரிமை பெறுவதற்கு எவரும் அசாதாரணமானவராக இருக்கத் தேவையில்லை. நீலத் தோலுடைய கற்பனைப் பாத்திரத்துக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேலி செய்வோமாயின் அக்கண்ணீரால் பயனேதும் இல்லை.

அச்சம் சட்டமான கதைக்கு எமது நாடும் புறம்பானதல்ல. ஒருபாலுறவைக் குற்றமாக்கும் விதிகள் பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையினூடாகவே இலங்கைக்கு வந்தன. இங்கிலாந்து தனது சட்டத்தை 1967இல் தளர்த்தத் தொடங்கியது. இங்கோ 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது, ஆண்களை மட்டுமே குறித்த 365அ பிரிவு பெண்களையும் உள்ளடக்குமாறு விரிவாக்கப்பட்டது. பாலியல் தொந்தரவுக்கு எதிராகப் பெண்களுக்குப் பாதுகாப்பளித்த அதே திருத்தச் சட்டம், பெண்ணை நேசிக்கும் பெண்ணைக் குற்றவாளியாக்கியது. பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு இதனை உரிமை மீறல் என 2022இல் தீர்மானித்தது. இவ்விதிகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என 2023 மே மாதத்தில் எமது உயர் நீதிமன்றம் அறிவித்தது.

சட்டம் மாறுவதற்குக் காலம் எடுக்கலாம். வீட்டின் வரவேற்பறையில் என்ன நடக்கவேண்டும் என்பதை எந்தச் சட்டமும் தீர்மானிப்பதில்லை. பிள்ளை நடுங்கியபடி தனது உண்மையைச் சொல்ல முன்வரும்போது, ஏன் இப்படிப் பிறந்தாய், ஊர் என்ன சொல்லும் என்று கேட்பதா, சொல்லத் துணிந்ததே பெரிது என்று அணைத்துக்கொள்வதா என்பது எமது கையிலேயே உள்ளது. அடுத்த தடவை பிள்ளைகள் சுப்பர் ஹீரோ படம் பார்க்கும்போது நாமும் அடுப்பை அணைத்துவிட்டுச் சற்று நேரம் அவர்கள் அருகில் அமர்வோம். அவன் ஏன் முகமூடி அணிகிறான் என்று கேட்டுப் பார்ப்போம். அவர்கள் சொல்லும் பதிலைப் பொறுமையோடு கேட்போம்.