எம்.எஸ். நோய்: நடக்க நடக்கத்தான் நடை மீளும்

“அதிகம் நடக்காதீர்கள், உடம்பை அலட்டிக்கொள்ளாதீர்கள், ஓய்வாக இருங்கள்.” மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்தவர்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவர்கள் சொல்லிவந்த அறிவுரை இது. அக்கறையோடு சொன்னதுதான். ஆனால், அதை அப்படியே கடைப்பிடித்தவர்களின் கால்கள் நோயால் தளர்ந்தது போதாதென்று, உட்கார்ந்தே இருந்ததாலும் தளர்ந்தன. கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் இந்த அறிவுரையை மாற்றி எழுதிவிட்டன. முறையான உடற்பயிற்சி இந்த நோயாளிகளின் நடையை மேம்படுத்துகிறது. நோயைக் கிளறிவிடுவதும் இல்லை. இந்தச் செய்தி இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் கவலை.

கால் ஏன் சொன்னபடி கேட்பதில்லை?

தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்றும், சுருக்கமாக எம்.எஸ். என்றும் சொல்லப்படும் இந்நோயை 1868இல் பாரிஸின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான்-மார்ட்டின் ஷார்கோ தனியொரு நோயாக அடையாளம் காட்டி விளக்கினார். இன்று உலகில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயோடு வாழ்கிறார்கள். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், படிப்பும் வேலையும் குழந்தை வளர்ப்புமாக இருக்கும் காலத்தில் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரு மடங்குக்கும் கூடுதலாகப் பாதிக்கிறது.

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உறையுள்ள தடித்த நரம்பிழையில் கட்டளைகள் விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில்கூடப் பாயும். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே இந்த உறையைத் தாக்கிச் சிதைப்பதுதான் எம்.எஸ். உறை போன இடத்தில் கட்டளை மெதுவாகிறது. சில நேரம் அங்கேயே நின்றுபோகிறது. பார்வை மங்கல், மரமரப்பு, சிறுநீர்க் கோளாறு, விவரிக்க முடியாத அசதி என்று தொல்லைகள் பலவிதம். ஆனால், நோயாளிகள் அதிகம் அஞ்சுவது நடை போய்விடுமோ என்பதைத்தான்.

நடக்கும்போது என்ன நேர்கிறது என்று பாருங்கள். காலை முன்னே வீசும்போது பாதத்தின் நுனி மேலே எழ வேண்டும். முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி முன்பக்கம் இருக்கும் தசையின் வேலை அது. அந்தத் தசைக்கு வரும் கட்டளை பலவீனமானால் கால் விரல்கள் தரையில் இழுபடும். மருத்துவர்கள் ஃபுட் டிராப் என்று சொல்லும் பாதத் தொய்வு இதுதான். நடக்க நடக்க ஒரு காலில் மட்டும் செருப்பு கழன்றுகொண்டே இருக்கும். அந்தச் செருப்பின் நுனி மட்டும் சீக்கிரம் தேய்ந்திருக்கும். பாதம் இடறாமலிருக்க, உடல் தானாகவே இடுப்பைத் தூக்கி, காலை அரைவட்டமாகச் சுழற்றி முன்னே வைக்கப் பழகிக்கொள்ளும். போதாததற்குக் கெண்டைக்கால் விறைத்துக்கொள்ளும், சமநிலை தடுமாறும். இப்படி நடப்பதற்கு மற்றவர்களைவிடக் கூடுதல் சக்தி செலவாகிறது. தெருமுனை வரை போய்த் திரும்பினாலே ஆள் ஓய்ந்துபோவது இதனால்தான்.

ஓய்வு அறிவுரை எங்கிருந்து வந்தது?

1890இல் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் 100 எம்.எஸ். நோயாளிகளைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். அவர்களில் 4 பேருக்கு உடலுழைப்புக்குப் பின் பார்வை தற்காலிகமாக மங்கியது. உழைப்புதான் காரணம் என்று அவர் முடிவு செய்தார். உண்மையான காரணம் வெப்பம் என்பது பின்னாளில் தெரிந்தது. உடல் வெப்பநிலை அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே, உறை சிதைந்த நரம்பிழையில் கட்டளை தடைபடலாம். உடல் குளிர்ந்ததும் நிலைமை பழையபடி ஆகிவிடும். நரம்புக்குப் புதிதாக எந்தச் சேதமும் இல்லை.

வெப்பத்துக்கும் நோய்க்கும் உள்ள இந்தத் தொடர்பை மருத்துவ உலகம் பரிசோதனையாகவே பயன்படுத்தியது. எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னால், எம்.எஸ். என்று சந்தேகப்பட்டவர்களை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, அறிகுறிகள் கூடுகின்றனவா என்று பார்த்தார்கள். வியர்க்க வியர்க்க உழைத்தால் நோய் முற்றிவிடும் என்ற பயம் மட்டும் மருத்துவர்களிடமும் குடும்பங்களிடமும் ஊறிப்போயிருந்தது. சற்று நேரத்தில் தணியும் ஒரு தொந்தரவு, நிரந்தர ஆபத்தாகக் கருதப்பட்டது.

இதை உடைத்த முக்கியமான ஆய்வு 1996இல் வந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜாக் பெட்டஜான் குழுவினர் 54 எம்.எஸ். நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு 15 வாரங்களுக்கு, வாரம் மூன்று முறை, 40 நிமிடம் கைகளும் கால்களும் இயங்கும் சைக்கிள் பயிற்சி செய்தது. மற்றக் குழு வழக்கம்போல இருந்தது. பயிற்சி செய்தவர்களின் இதய, நுரையீரல் திறனும் தசை வலிமையும் கூடின. மருத்துவர்கள் பயந்ததுபோல நோய் முற்றிவிடவில்லை.

ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர்?

நடை மேம்பட்டதா என்பதை அளக்க மருத்துவமனைகளில் எளிய வழி உண்டு. 30 மீட்டர் நீளத் தாழ்வாரம், இரு முனையிலும் ஓர் அடையாளக் கூம்பு, பிசியோதெரபிஸ்ட் கையில் ஸ்டாப்வாட்ச். நோயாளி தன்னால் முடிந்த வேகத்தில் ஆறு நிமிடம் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். முதல் நிமிடத்தில் நடை ஏறக்குறைய சரியாகவே இருக்கும். நேரம் போகப் போக வேகம் குறையும், பாதம் உரசும் சத்தம் கேட்கத் தொடங்கும், திரும்பும் இடத்தில் கை சுவரைத் தேடும். ஆறாவது நிமிட முடிவில் கடந்த தூரத்தைக் குறித்துக்கொள்வார்கள். 25 அடி தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறார் என்று பார்க்கும் சோதனையும் உண்டு.

இத்தகைய அளவீடுகளைத் திரட்டி 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உடற்பயிற்சி செய்தவர்கள் ஆறு நிமிடத்தில் சராசரியாகச் சுமார் 36 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள் என்று காட்டியது. கேட்கும்போது சிறிய எண்ணாகத் தோன்றலாம். பேருந்து நிறுத்தத்துக்கு நூறடி முன்னாலேயே கால் நின்றுபோகும் ஒருவருக்கு, வீட்டிலேயே அடைந்துகிடப்பதா வேலைக்குப் போவதா என்பதை முடிவுசெய்யும் தூரம் அது.

டென்மார்க்கின் ஆர்ஹுஸில் உல்ரிக் டால்காஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு வலிமைப் பயிற்சியின் பயனைக் காட்டியது. வாரம் இரண்டு முறை, 12 வாரங்கள், கால்களுக்கு எடைப் பயிற்சி. முழங்காலை நீட்டும் தசையின் வலிமை ஏறக்குறைய 16 சதவீதம் கூடியது. நாற்காலியிலிருந்து எழுவது, படியேறுவது, நடப்பது ஆகியவற்றைச் சேர்த்து அளந்த இயக்கத் திறன் 20 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது.

நோய் மறுபடி தாக்குமோ என்ற பயத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு அலசலில், பயிற்சி செய்யாதவர்களில் 6.3 சதவீதத்தினருக்கும் செய்தவர்களில் 4.6 சதவீதத்தினருக்கும் நோய் மீண்டும் தாக்கியிருந்தது. பயிற்சி நோயைத் தூண்டுகிறது என்பதற்கு அங்கே ஆதாரமே இல்லை.

இரண்டு இழப்புகள்

மையலின் உறையைப் பயிற்சி திரும்பக் கொண்டுவந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. பிறகு எப்படி நடை மேம்படுகிறது? எம்.எஸ். நோயாளி தன் நடையை இரண்டு வழிகளில் இழக்கிறார். முதல் இழப்பு நோயால் வருவது. கால் தடுமாறுகிறது என்று நடப்பதைக் குறைத்துக்கொள்வதால் தசை மெலிந்து, இதயத்தின் திறன் குறைந்து, மூட்டுகள் இறுகி, விழுந்துவிடுவோமோ என்ற பயம் கூடி வருவது இரண்டாவது இழப்பு. முதலாவதைக் கட்டுப்படுத்த இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. இரண்டாவதை எந்த மாத்திரையாலும் மீட்க முடியாது, பயிற்சியால்தான் முடியும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மிச்சமிருக்கும் நரம்புப் பாதைகளை மூளை இன்னும் திறம்படப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

என்ன பயிற்சி, எவ்வளவு?

லேசான, நடுத்தரப் பாதிப்புள்ளவர்களுக்கு 2013இல் வெளியான வழிகாட்டுதல் இது: வாரம் இரு நாள் 30 நிமிடம் மிதமான ஏரோபிக் பயிற்சி, வாரம் இரு நாள் வலிமைப் பயிற்சி. நடை, நிலையான சைக்கிள், டிரெட்மில் ஆகியவை முதல் வகை. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும்; அதுதான் மிதமான வேகம். பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம்.

வலிமைப் பயிற்சிக்கு ஜிம் கட்டாயமில்லை. உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, உடலை முன்னே சாய்த்து எழுந்து நின்று, தொப்பென்று விழாமல் மெதுவாக உட்கார வேண்டும். பத்து முறை செய்து, ஓரிரு நிமிடம் ஓய்வெடுத்து, மறுபடி பத்து முறை. தொடைக்கும் இடுப்புக்கும் இதைவிட எளிய பயிற்சி இல்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். அதே மேடையருகில் ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை வைத்து நிற்பது சமநிலைக்கு உதவும். இவற்றோடு, திரும்புவது, படியேறுவது, தடையைத் தாண்டுவது என்று நடையையே பயிற்சியாகச் செய்ய வேண்டும். பாதத் தொய்வு உள்ளவர்களுக்குக் கணுக்கால் தாங்கியோ, நரம்பைத் தூண்டிப் பாதத்தைத் தூக்கும் மின்கருவியோ கைகொடுக்கும்.

நோய் முற்றியவர்களுக்கும் வழி அடைபடவில்லை. நடை கடுமையாகப் பாதிக்கப்பட்ட 72 பேரிடம் இத்தாலியின் ஃபெராராவில் நடந்த ஆய்வு, விலை உயர்ந்த ரோபோ நடைப் பயிற்சியையும் தெரபிஸ்ட் உதவியோடு தரையில் நடக்கும் சாதாரணப் பயிற்சியையும் ஒப்பிட்டது. இரண்டிலும் நடை மேம்பட்டது. ரோபோ கூடுதலாக எதையும் தந்துவிடவில்லை. 2020இல் வெளியான இந்த முடிவு, அப்படிப்பட்ட இயந்திரங்களை வாங்க முடியாத மருத்துவமனைகளுக்கும் குடும்பங்களுக்கும் நல்ல செய்தி. பயிற்சியை நிறுத்தினால் பலனும் கரைந்துபோகும் என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு மாதம் பிசியோதெரபி எடுத்துவிட்டு நிறுத்தும் நோயல்ல இது.

பயிற்சியால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் தவறு. ஆறு நாடுகளில் 311 பேரிடம் நடந்து 2023இல் முடிவு வெளியான கோக்எக்ஸ் ஆய்வில், உடற்பயிற்சியும் மூளைப் பயிற்சியும் சிந்தனை வேகத்தைக் கூட்டவில்லை. பயிற்சி, மருந்துக்கு மாற்றும் அல்ல. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

வெயிலும் அசதியும்

நம் ஊர் வெப்பத்தில் எம்.எஸ். நோயாளிகள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். விடியற்காலையிலோ, மின்விசிறியோ ஏசியோ உள்ள அறையிலோ பயிற்சி செய்யுங்கள். குளிர்ந்த நீர் குடிப்பதும், கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்வதும், முன்கூட்டியே குளிர்ந்த நீரில் குளிப்பதும் உதவும். நீச்சல் குளம் கிடைத்தால் நல்லது; ஆனால் தண்ணீர் 28 டிகிரி அளவில் இருக்க வேண்டும், வெதுவெதுப்பான குளம் வேண்டாம்.

பயிற்சியின்போது பார்வை மங்கினாலோ கால் தளர்ந்தாலோ பதறாமல் உட்கார்ந்து உடலைக் குளிரவிடுங்கள். பெரும்பாலும் சற்று நேரத்தில் சரியாகிவிடும். புதிய அறிகுறி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அது நோயின் மறுதாக்குதலாக இருக்கலாம். உடனே நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி வேண்டாம். இன்று செய்த பயிற்சியின் அசதி நாளையும் தொடர்ந்தால், அளவு கூடிப்போயிற்று என்று பொருள், குறைத்துக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது என்ன?

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் எம்.எஸ். நோயையும் சேர்த்திருக்கிறது. நோயாளிகளுக்கு உதவ 1985இல் தொடங்கப்பட்ட இந்திய மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் சங்கம் சென்னை உள்ளிட்ட நகரங்களில் இயங்குகிறது. சட்டமும் சங்கமும் இருந்தும், பலர் நடை நன்றாகத் தளர்ந்த பிறகே பிசியோதெரபிஸ்ட்டிடம் வருகிறார்கள்.

இது மாற வேண்டும். நோயைக் கண்டறிந்த அன்றே மருந்துச் சீட்டில் பிசியோதெரபியையும் மருத்துவர்கள் எழுத வேண்டும். “நீ உட்காரும்மா, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்” என்று அன்போடு சொல்லும் குடும்பத்தினர், அந்த அன்பை வேறு விதமாகக் காட்ட வேண்டும்: விடியற்காலையில் அவரோடு சேர்ந்து நடங்கள். நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: கால் தளர்ந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் நரம்பியல் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் பேசி, இந்த வாரமே பத்து நிமிடத்தோடு தொடங்குங்கள்.