யானைக்கெண்டைக்குக் கிடைத்த பெயர்

காவிரியின் கெண்டைகளில் மிகப் பெரியது யானைக்கெண்டை எனப்படும் திமில் மஹசீர். தலைக்குப் பின்னால் முதுகு சட்டென்று திமிலாக எழும், துடுப்புகள் செம்மஞ்சள், வளர்ந்த மீனின் ஒரு செதிலே உள்ளங்கையை நிரப்பும். 1946-இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கும் மேல். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறி மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்புவோரில் எத்தனை பேருக்கு இந்த மீனைப் பற்றித் தெரியும்? அருவிக்கு மேலே, பீமேசுவரி, கலிபோர் பக்கத்துப் பாறை மடுக்கள்தான் அதன் பேர்பெற்ற வாழிடம்.

தூண்டில்காரர்கள் நூறாண்டுக்கு மேலாக அறிந்திருந்தும், அறிவியலில் அதற்கு உறுதியான பெயர் இல்லாமலே இருந்தது. மரபணுதான் விடை தந்தது.

மீனின் துடுப்பில் நகக்கண் அளவு துணுக்கு போதும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து எழுத்தெழுத்தாகப் படித்து, மற்ற மீன்களோடு ஒப்பிடுவார்கள். வேறுபாடு கூடக் கூட, இரண்டும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்த காலமும் பின்னே போகும். மஹசீர் வகைக் கெண்டைகளில் ஒரு சிக்கல் உண்டு. கெண்டைகள் பலவற்றுக்கு 50 குரோமோசோம்கள், மஹசீருக்கு 100. பழங்காலத்தில் மூதாதையின் மரபணுத்தொகுதி இரட்டித்ததன் தடம் இது. அதனால் செல்லின் உட்கருவிலுள்ள மரபணுக்களைப் பிரித்துப் படிப்பது கடினம். தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் அந்தக் குழப்பம் இல்லை.

மோயாற்றில் பிடித்த திமில் மீன்களை இப்படி ஆராய்ந்த முடிவு 2018-இல் வெளியானது. போர்ன்மத் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், கொச்சி ஆய்வாளர்கள் எனப் பலர் சேர்ந்த குழு அது. 2007-இல் கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்து, மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயர் சூட்டப்பட்ட 'டோர் ரெமாதேவியை' என்ற இனமே யானைக்கெண்டை என்று தெரிந்தது. பாம்பாறு அமராவதி வழியாகவும், மோயாறு பவானி வழியாகவும் காவிரியில்தான் சேர்கின்றன. காவிரிப் படுகைக்கு வெளியே இந்த மீன் இல்லை. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அது பட்டியலிடப்பட்டது.

இந்த நிலைக்குக் காரணமான மணல் கொள்ளை, வெடிவைத்து மீன்பிடித்தல், அணைகள் ஆகியவற்றோடு நல்லெண்ணத்தில் நேர்ந்த தீங்கும் ஒன்று உண்டு. மகாராட்டிரத்தின் லோணாவாலா பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மஹசீர்க் குஞ்சுகள் 1970-களிலிருந்து காவிரியில் விடப்பட்டன. அது கிருஷ்ணா ஆற்று மீன். 1998 முதல் 2012 வரையிலான தூண்டில் பதிவுகளில் நீலத்துடுப்பு பெருகப் பெருக யானைக்கெண்டை அருகிவிட்டது.

இனி யானைக்கெண்டைக் குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து விடுவதானால் கலப்பில்லாத தாய்மீன்களைத் தேர்வதில்தான் எல்லாம் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியை மட்டுமே சொல்லும். அவற்றின் தகப்பன் வேற்றினமா என்று அறிய, அந்தக் கடினமான நூறு குரோமோசோம்களின் மரபணுக்களையும் படித்தாக வேண்டும்.